கீஸ்லோவ்ஸ்கியின் 'அலுவலகம்': ஒரு மாணவர் எடுத்த ஆறு நிமிடப் படம்

பெரிய இயக்குநர்கள் கல்லூரியில் படிக்கும்போது எடுத்த குறும்படங்களைத் தேடிப் பார்ப்பது எனக்குச் சில வருடங்களாக ஒரு பழக்கம். சினிமா படித்தவன் இல்லை, பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாகக் கோடு எழுதுபவன். ஒரு மென்பொருளின் முதல் வெர்ஷனைப் பார்த்தால் அதை எழுதியவருக்கு எது முக்கியமாகப் பட்டது என்று தெரிந்துவிடும். பின்னால் சேர்த்த அலங்காரங்கள் அதில் இருக்காது. மாணவப் படங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பார்த்தவற்றில் பெரும்பாலானவை சுமார்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்காலப் புகழை வைத்துக்கொண்டு முதல் படத்திலேயே மேதைமை தெரிகிறது என்று எழுதுவது ரொம்ப சுலபம். தெரியாது. பெரும்பாலும் வாத்தியாரின் கைதான் தெரியும். ஆனால் ஒரு படம் மட்டும் என்னை விடவில்லை. போலந்து இயக்குநர் கிஷிஷ்தோஃப் கீஸ்லோவ்ஸ்கி 1966-ல் மாணவராக இருந்தபோது எடுத்த 'உஷோந்த்'. தமிழில் 'அலுவலகம்' எனலாம். கருப்பு வெள்ளை ஆவணப்படம், சுமார் ஆறு நிமிடம்.

படத்தில் கதை என்று ஒன்றும் இல்லை. ஓய்வூதியம், உதவித்தொகை சம்பந்தப்பட்ட ஒரு அரசு சமூகக் காப்பீட்டு அலுவலகம். ஒரு கவுண்டர் ஜன்னல். வெளியே வரிசை, பெரும்பாலும் வயதானவர்கள். காகிதங்கள், கைகள், முத்திரை குத்துவது. அந்தத் தாள் இல்லை, இந்தச் சான்று வேண்டும், போய்விட்டு மறுபடி வாருங்கள் என்கிற ரீதியில் பேச்சு ஓடுகிறது. ஜன்னலுக்குள்ளிருந்து வரும் குரலில் கோபம் இல்லை. கத்தல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கடைசியில் அந்தக் குரல் ஒருவரிடம், வாழ்நாளில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. படிவத்தில் அப்படி ஒரு கட்டம். கேமரா அலமாரிகளில் அடுக்கியிருக்கும் கோப்புகளுக்குப் போகிறது, அந்த வாக்கியம் மறுபடி மறுபடி ஒலிக்கிறது. முடிந்தது.

முதல் தடவை பார்த்தபோது, சரி, கம்யூனிஸ்ட் நாட்டு அதிகார வர்க்கத்தைக் கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை பார்க்க நேர்ந்தது வேறு சூழ்நிலையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பள்ளி. வூச் நகரத் திரைப்படப் பள்ளி. (ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு நாம் 'லோட்ஸ்' என்று படிக்கிறோம், போலிஷ்காரர்களுக்கு அது 'வூச்'. படகு என்று அர்த்தம். பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊருக்குப் படகு என்று பெயர்.) 1948-ல் தொடங்கியது. வாய்தா படித்த இடம். போலன்ஸ்கி 'இரண்டு ஆண்களும் ஒரு அலமாரியும்' படத்தை 1958-ல் எடுத்ததும் இங்கே மாணவராக இருந்தபோதுதான்.

கீஸ்லோவ்ஸ்கிக்கு இந்த இடம் முதலிலேயே கிடைக்கவில்லை. 1941-ல் வார்சாவில் பிறந்தவர். அப்பாவுக்குக் காசநோய், அதனால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. தீயணைப்பு வீரர்களுக்கான பள்ளியில் சேர்ந்து சில மாதங்களில் வெளியே வந்தார். நாடகத் தொழில்நுட்பம் படித்தார், நாடக இயக்குநராக ஆசைப்பட்டார். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு உயர்படிப்பு தேவைப்பட்டதால்தான் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். இரண்டு தடவை நிராகரித்தார்கள். மூன்றாவது தடவை போனபோது நாடக ஆசையே போய்விட்டது, வீம்பு மட்டும்தான் மிச்சம் என்கிற மாதிரி அவரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நுழைவுத் தேர்வு பற்றி அவர் சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெகுஜனத் தொடர்பு சாதனங்கள் யாவை என்று கேட்டிருக்கிறார்கள். இவர் டிராம், பஸ், விமானம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். உண்மையாகவே அதுதான் பதில் என்று நினைத்தாராம். கேட்டவர்களோ, பையன் பயங்கரக் கிண்டல்காரன் போல என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் யூகம். 1966-லேயே அவர் எடுத்த இன்னொரு மாணவப் படத்தின் பெயர் 'டிராம்' என்பதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஓர் இளைஞன் இரவு டிராமில் ஏறுகிறான், ஒரு பெண்ணைப் பார்க்கிறான், சிரிக்கவைக்கப் பார்க்கிறான், இறங்கிவிடுகிறான், பிறகு மனசு கேட்காமல் டிராம் பின்னால் ஓடுகிறான். ஒலியே கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய படம்.

'அலுவலகம்' அப்படி இல்லை. அதற்கு ஒரு காரணம் அவர் வாழ்க்கையிலேயே இருப்பதாக நினைக்கிறேன். பள்ளியில் இடம் கிடைப்பதற்கு முந்தைய வருடங்களில் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, வார்சாவில் ஒரு பகுதி நிர்வாக அலுவலகத்தின் கலாசாரத் துறையில் குமாஸ்தா. அதாவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். இந்தத் தகவல் தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால், கேமரா எங்கே நிற்கிறது என்பதில் கவனம் போகிறது. வரிசையில் நிற்பவர்களின் முகங்களை ஜன்னல் வழியாக நாம் பார்க்கிறோம். குமாஸ்தா எங்கிருந்து பார்ப்பாரோ அந்த இடத்திலிருந்து! பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றுகொண்டு அதிகாரியைக் காட்டுவதுதான் ஒரு மாணவர் சாதாரணமாகச் செய்வது. இவர் நம்மை உள்ளே உட்காரவைக்கிறார்.

இன்னொரு விஷயம் ஒலி. படத்தில் பேச்சும் உதடும் பொருந்துவதில்லை. குரல் ஒரு தடத்தில் ஓடுகிறது, படம் ஒரு தடத்தில். அந்தக் காலத்தில் ஒரு மாணவருக்கு, சத்தம் போடும் கேமராவோடு அலுவலகத்துக்குள் போய் ஒலியையும் படத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. ஆனால் இருந்த குறையையே வேலைக்கு வைத்துவிட்டார். யார் எதைச் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்தக் குரல் எந்த முகத்திலும் ஒட்டுவதில்லை, அதனால் அது ஜன்னலுடைய குரல் ஆகிவிடுகிறது. எங்கள் தொழிலில் இதை 'பக் இல்லை, ஃபீச்சர்' என்று கிண்டலாகச் சொல்வோம். இங்கே நிஜமாகவே அப்படி.

அவருக்கு அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் காஜிமெஷ் கராபாஷ். வார்சா டிராம் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஒரு பேண்டு வாத்தியக் குழுவாக ஒத்திகை பார்ப்பதை 1960-ல் 'இசைக்கலைஞர்கள்' என்று சின்னப் படமாக எடுத்தவர். (மறுபடியும் டிராம்!) வர்ணனைக் குரல் இல்லாமல், முகங்களையும் கைகளையும் பொறுமையாகப் பார்ப்பது அவர் பாணி. கீஸ்லோவ்ஸ்கி கடைசிவரை தனக்குப் பிடித்த படங்களில் ஒன்றாக அதைச் சொல்லியிருக்கிறார். 'அலுவலகம்' படத்தின் கைகளும் காகிதங்களும் வாத்தியாரிடமிருந்து வந்தவை. கடைசி அரை நிமிடம் வாத்தியாருடையது இல்லை. கராபாஷ் பார்ப்பார், காத்திருப்பார். மாணவர் வெட்டி ஒட்டுகிறார்.

அந்த வெட்டி ஒட்டலில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒரு குரல், ஒருவரிடம், ஒரு படிவத்தைப் பற்றிச் சொன்ன வாக்கியம். அதை எடுத்து அலமாரி நிறையக் கோப்புகள் மேல் திரும்பத் திரும்பப் போட்டால், இங்கே வந்த எல்லா மனிதர்களிடமும் இதையே கேட்டு, வாங்கி, அடுக்கி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம் வருகிறது. ஆவணப்படம் என்கிற பெயரில் இது நியாயமா? பேசியவர் வேலையைத்தானே செய்தார்? படிவத்தை அச்சடித்தவர் அவர் இல்லையே. பார்க்கிற நமக்கோ அந்தக் குரல்மேல்தான் எரிச்சல் வருகிறது.

இப்போது அந்த இரண்டாம் தடவை பற்றி. அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலைந்து முறை அலைந்தோம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. ஜெராக்ஸ், போட்டோ, அதில் கையெழுத்து, பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதற்கு ஒரு சான்று. எல்லாருக்கும் தெரிந்த கதை. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். மூன்றாவது முறை போனபோது படிவத்தில் ஒரு கட்டத்தை விரலால் தொட்டு, "அம்மா, தொழில்ன்னு போட்ருக்கு பாருங்க, அதுல இல்லைன்னு எழுதுங்க" என்றார். அம்மா எழுதினார். நாற்பத்திரண்டு வருடம் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்தவர், 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

அன்று இரவு இந்தப் படத்தை மறுபடி போட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மொழி தெரியாது, வரிக்கு வரி நான் சொன்னேன். முடிந்ததும், "அங்க நின்னவங்களுக்கெல்லாம் பென்ஷன் கிடைச்சுதாடா?" என்று கேட்டார். படத்தில் அது இல்லைம்மா என்றேன். "அப்ப எதுக்கு எடுத்தாராம்?"

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. இந்தப் படத்துக்கு மனிதர்கள்மேல் அக்கறை இருக்கிறது, ஆனால் எந்த ஒரு மனிதரோடும் அது பின்னால் போவதில்லை. வரிசையில் நின்ற ஒருவருடைய பெயர்கூட நமக்குக் கிடைப்பதில்லை. அலுவலகம் அவர்களைக் கோப்பாக்குகிறது என்று குற்றம் சொல்லும் படம், தானும் அவர்களை ஆறு நிமிடத்துக்குள் ஒரு கருத்தாக்கிவிடுகிறது. இருபத்தைந்து வயது மாணவரின் அவசரம் அது.

என் அவசரத்தையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வருடம் முன்னால் ஒரு காப்பீட்டு இழப்பீட்டு இணையதளத்துக்கான படிவங்களை எழுதிய குழுவில் நான் இருந்தேன். 'தொழில்' என்பதற்கு ஒரு பட்டியல், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்குச் சிவப்பு நட்சத்திரம், 'மேலும் விவரம்' என்பதற்கு 200 எழுத்து வரம்பு. அந்த 200 நான் போட்ட எண். காரணம் எதுவும் இல்லை, டேட்டாபேஸ் அட்டவணையில் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதில் எழுதி முடியாமல் நின்ற யாருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை. 1966-ன் குமாஸ்தாவாவது ஜன்னலுக்கு எதிரே இருந்தார்.

கீஸ்லோவ்ஸ்கிக்கு இந்த உறுத்தல் பின்னால் வந்தது என்று அவர் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரிகிறது. 1977-ல் ஒரு தொழிற்சாலைக் காவலாளியைப் பற்றிப் படம் எடுத்தார். அந்த ஆள் கட்டுப்பாட்டு வெறியர், தன் வாயாலேயே எல்லாம் சொல்கிறார். எடுத்த பிறகு, இது தொலைக்காட்சியில் வந்தால் அந்த மனிதருக்குச் சங்கடம் என்று ஒளிபரப்பை எதிர்த்தார். 1979-ல் 'கேமரா பைத்தியம்', முழுநீளக் கதைப்படம். பிறக்கப்போகும் குழந்தையைப் படம்பிடிக்க எட்டு மில்லிமீட்டர் கேமரா வாங்கும் ஒரு தொழிலாளி, நல்ல எண்ணத்தோடு உண்மையைப் படம்பிடிக்கப்போய், தனக்கு நல்லது செய்த மேலாளரின் வேலை போகக் காரணமாகிறான். கடைசியில் கேமராவைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறான். 'ரயில் நிலையம்' எடுத்தபோது, இவர்கள் எடுத்த பிலிமைப் போலீஸ் வந்து எடுத்துப்போனது. ஒரு கொலை வழக்கில் தேடப்பட்ட பெண் தற்செயலாகப் பதிவாகியிருக்கிறாளா என்று பார்க்க. பதிவாகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் தான் உளவாளி ஆகியிருப்போம் என்பது அவரை உலுக்கியது. ஆவணப்படத்திலிருந்து விலகியதற்கு அவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

விலகுவதற்கு முன் 1980-ல் 'பேசும் தலைகள்' எடுத்தார். கால் மணி நேரம்தான். பலரிடம் ஒரே கேள்விகள்: எப்போது பிறந்தீர்கள், நீங்கள் யார், என்ன வேண்டும். பேச்சு வராத குழந்தையில் தொடங்கி நூறு வயதுப் பாட்டியில் முடிகிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு படிவம்தான். அதே கேள்வியைத்தான் மறுபடி கேட்கிறார், ஆனால் இந்த முறை ஜன்னல் இல்லை, குரலும் உதடும் பொருந்துகின்றன, பதில் வரும்வரை கேமரா அந்த முகத்திலேயே நிற்கிறது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து, இதே வரிசையில் பாருங்கள். மொத்தம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அந்தப் பாட்டி இன்னும் கொஞ்ச நாள் வாழ வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு, "பாரேன்" என்று சிரித்தார்.