‘சிவில்’ என்பது யார்? ரஜனி திராணகமவின் ஓர் அத்தியாயத்தை முன்வைத்து

கிழக்குத் தாம்பரத்தில் வகுப்பெடுக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் எழும்பினால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவோம். சத்தம் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். முதுகலை வகுப்பில் ‘முறிந்த பனை’ நூலில் ரஜனி திராணகம எழுதிய அத்தியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஒரு மாணவி சொன்னாள்: “மேம், எங்க அம்மம்மா இந்தச் சத்தம் கேட்டா இப்பவும் எழும்பிக் கதவைச் சாத்துவா.”

அவள் குடும்பம் பம்மலில் வாடகைக்கு இருக்கிறது. அம்மம்மா 1990இல் படகில் வந்தவர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்.

அதுவரை அந்த அத்தியாயத்தைப் போரில் பெண்கள் பட்ட துயரத்தின் சாட்சியம் என்றே நான் நடத்திவந்தேன். துயரத்தைப் பாடமாக்குவது எளிது. வகுப்பு கண்கலங்கும், மணி அடிக்கும், எல்லோரும் கலைந்துபோவோம். அன்றைக்குப் பிறகு அதே பக்கங்களை வேறொரு கேள்வியோடு வாசிக்கத் தொடங்கினேன். அமைதியின் பெயரால் ஒரு படை ஊருக்குள் வரும்போது, அந்த ஊரில் யாரோடு அது பேசுகிறது?

ஐ.நா. அமைதிப் பணிகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது: சிவில்–இராணுவ ஒருங்கிணைப்பு. ஊரடங்கு எப்போது தளரும், உணவு லாரி எந்த வழியாகப் போகும், மருத்துவமனையை யார் காப்பது, சிப்பாய் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் படையும் குடிமக்கள் தரப்பும் கலந்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. வரைபடத்தில் ஒரு பக்கம் ‘இராணுவம்’ என்று ஒரு பெட்டி, மறுபக்கம் ‘சிவில்’ என்று ஒரு பெட்டி, நடுவில் இருபுறமும் கூர்மையுள்ள ஓர் அம்பு. அந்த இரண்டாவது பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இந்திய அமைதி காக்கும் படை ஐ.நா. படையல்ல. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன படை. அமைதி காக்கச் சென்றது, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது, 1990 மார்ச்சில் முழுமையாகத் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். அந்தப் படையின் மேல்நிலைத் தலைமையகம் இயங்கியது நம் சென்னையில்தான். எனவே இதை அயலூர்க் கதையாக வாசிக்கும் வசதி நமக்குக் கிடையாது.

படையை நடத்திய தளபதிகள் தீபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தும் எழுதியிருக்கிறார். ஒருங்கிணைப்பு இல்லாமல் போனதைப் பற்றிய மனக்குறை இந்த வகை எழுத்துகளில் நிறையவே உண்டு. தூதரகம் ஒன்று சொன்னது, உளவுத்துறை வேறொன்று செய்தது, தில்லி மூன்றாவதாக ஒன்றை நினைத்தது என்ற அந்தக் குறையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இங்கே ‘சிவில்’ என்றால் பெரும்பாலும் தூதர், செயலாளர், உளவு அதிகாரி, இயக்கத் தலைவர். பேச்சு மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளின் கணக்கு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ரஜனியின் அத்தியாயம் அந்த மேசையிலிருந்து எழுந்து தெருவுக்கு வருகிறது. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். பூரணி பெண்கள் இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இனிக் கண்ணீர் வேண்டாம் சகோதரி என்ற பொருளில் தலைப்பிட்டு, 1987 அக்டோபர்ப் போரில் பெண்கள் கண்டதைக் கேட்டு எழுதுகிறார். வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பேசுகிறார்கள். அதன் பின் ஊரின் வாய்க்கு அஞ்சி ஒடுங்கியவர்களும் வருகிறார்கள். சிப்பாயின் முகத்துக்கு நேரே நின்று வாதாடியவர்களும் வருகிறார்கள்.

தளபதிகளின் நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது இந்த எழுத்தின் குரல் துலங்குகிறது. ரஜனி தன்னை ஆய்வாளர் என்ற மறைவிடத்தில் வைத்துக்கொள்வதில்லை. கோபத்தையும் குழப்பத்தையும் தன்மை ஒருமையில் எழுதுகிறார். பிரதிக்குள் ‘நான்’ வந்து நிற்பதால், ‘சிவில்’ என்ற பெட்டிக்குள் முதல்முறையாக ஒரு மனுஷி நிற்கிறாள்.

யாழ்ப்பாண மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். எந்தக் கையேட்டின்படியும் படை முதலில் பேசிவைத்துக்கொள்ள வேண்டிய இடம் மருத்துவமனை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் இந்தியப் படையினர் உள்ளே சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளிருந்து தங்கள்மீது சுட்டார்கள் என்பது படையின் வாதம். குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாங்கள் மருத்துவர்கள், செவிலியர்கள் என்று உரக்கச் சொல்லியபடி கைகளைத் தூக்கிக்கொண்டு செவிலியர்களோடு வெளியே வந்தபோது சுடப்பட்டார் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். நான் சிவில், சுடாதே என்பதுதான் அந்தக் கூவலின் பொருள். அம்பின் மறுமுனையில் அதைக் கேட்க யாருமில்லை.

இந்த அத்தியாயத்தோடு எனக்கு ஓர் உரசலும் உண்டு. போரில் பெண்கள் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் துணிந்து நின்றதை ரஜனி பெருமிதத்தோடு பதிகிறார். வாசிக்கும் நமக்கும் அது பிடித்துப்போகிறது. ஆனால் பிடித்துச் சென்ற மகனைத் தேடி முகாம் முகாமாக அலைவதும், ஊரடங்கில் அரிசி தேடுவதும், மொழி தெரியாத சிப்பாயிடம் சைகையால் கெஞ்சுவதும் யாருடைய வேலை? ஏற்பாடுகள் செய்திருக்க வேண்டிய அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்தவர்கள் பெண்கள். அவர்களைத் ‘தைரியசாலிகள்’ என்று பாராட்டும்போது அந்தக் கணக்கு மறைந்துபோகிறது. வீட்டு வேலையை ‘அம்மாவின் அன்பு’ என்று சொல்லி மறைப்பது நமக்குத் தெரியாததா?

ஒழுங்குபட்ட வழியில் பேச முயன்ற பெண்களும் இருந்தார்கள். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி, பத்துப் பிள்ளைகளின் தாய். போர்நிறுத்தம் வேண்டும், புலிகளோடு பேச வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகளை இந்தியாவிடம் வைத்து 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோவிலடியில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஏப்ரல் 19 அன்று இறந்தார். ஒரு மாதம் முழுக்க ‘சிவில்’ தரப்பு ஒரு கோவில் வாசலில் படுத்துக் காத்திருந்தது. இறந்த பிறகு புலிகள் அவரை ‘அன்னை’யாக்கிப் போற்றினார்கள். உயிரோடிருந்தபோது கோரிக்கையைக் கேட்காதவர்கள் ஒரு பக்கம், இறந்த பிறகு கோரிக்கையை விட்டுப் படத்தை எடுத்துக்கொண்டவர்கள் மறுபக்கம்.

ரஜனிக்கு அந்தப் படமும் வாய்க்கவில்லை. இந்தியப் படையை விமர்சித்த அதே கையால் புலிகளையும் மற்ற இயக்கங்களையும் விமர்சித்தார். 1989 செப்டம்பர் 21 அன்று மருத்துவபீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. அவரது தோழர்கள் புலிகள்மீதே குற்றம் சாட்டினார்கள். எந்தத் துப்பாக்கிக்கும் சொந்தமாகாமல் ‘சிவில்’ ஆகவே நிற்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

அவர் இறந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2000 அக்டோபரில், அமைதி முயற்சிகளில் பெண்களின் பங்கை வலியுறுத்தும் 1325ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது. 2007இல் இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண் காவலர்கள் லைபீரியாவுக்குப் போனார்கள். நம் பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் இராணுவ அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். இவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே 2007இல், ஹெய்தியில் ஐ.நா. பணியிலிருந்த இலங்கைச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். முறையிட்ட பெண்களும் சிறுமிகளும் எந்த வாசலில் நின்று நீதியைக் கேட்பது?

போரோடு ஒப்பிடச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்தபோது உறவினர் வீட்டு மொட்டைமாடியில் இருந்தேன். படகில் வந்த சிப்பாய்கள் முதியவர்களைத் தூக்கிச் சென்ற பரிவை மறக்கமாட்டேன். தேவைகளைப் பட்டியலெடுக்க வந்த உள்ளூர்க்காரர் கீழேயிருந்து கேட்டார், “வீட்ல ஆம்பளைங்க யாரு?” என் சித்தப்பா சொன்னார்: பால், தண்ணீர், மெழுகுவத்தி. மாடியில் ஒன்பது பெண்கள் இருந்தோம். நாப்கின் என்ற சொல்லை எங்களில் ஒருத்தியும் சத்தமாகச் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்ற நானும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு வந்த படகுக்குக்கூட ‘சிவில்’ என்றால் ஓர் ஆணின் குரல்தான்.

1990 மார்ச்சில் சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அது சரியா தவறா என்று இன்றுவரை பேசுகிறோம். அந்தப் படை விட்டுவந்த ஊர்ப் பெண்களின் முறையீடுகள் எங்கே போயின என்பதை அந்த அளவுக்கு நாம் பேசியதில்லை.

அந்த மாணவியை அம்மம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதிவரச் சொன்னேன்: அந்த நாட்களில் உங்கள் குறையை யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? அவள் கொண்டுவந்த பதிலை அப்படியே தருகிறேன். “ஆரிட்டச் சொல்லுறது, பிள்ளை? தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். சென்றியில நிண்ட பெடியனிட்டப் போய்க் கத்தினன். நான் கதைச்சது அவனுக்கு விளங்கேல்லை. அழுதது விளங்கியிருக்கும். பின்னேரம் தம்பியை விட்டிட்டாங்கள்.”

வகுப்பில் இதைப் படித்தபோது எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எனக்கும்தான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள், “விடலைன்னா, மேம்? பாட்டி அடுத்து யார்கிட்ட போயிருப்பாங்க?”