கோட்டுக்கு வெளியே நிற்பவன்

தோட்ட இலக்கியம் என்று நாம் பெருமையோடு பேசிவரும் கதைகளிலே எவையெவை தவறாமல் வருகின்றன என்பதை நேயர்கள் நன்கறிவர். விடியற்காலைப் பிரட்டுக்களம் வரும்; கங்காணியின் அதட்டல் வரும்; பால்வாளியும் உளியும் வரும்; கள்ளுக்கடை வரும்; மாரியம்மன் திருவிழா வரும்; இறுதியிலே ஒரு சாவும் வரும். இவையெல்லாம் மெய்யே. எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. ஆயினும் மாலை ஐந்து மணிக்கு லயத்தின் எதிரே இருந்த திடலில் என்ன நடந்தது என்று கேட்டால், நான் படித்த கதைகளில் மிகச் சிலவே வாய் திறக்கின்றன. காற்பந்தாட்டம் எங்கேனும் ஒரு வரியில் தலைகாட்டினாலும், கதாநாயகன் சுறுசுறுப்புள்ள இளைஞன் என்று காட்டுவதற்காகவே வந்து போகிறது. ஆடியவனுக்கே இக்கதி என்றால், கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்தியவனைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. அவன் நம் இலக்கியத்தில் இன்னும் பிறக்கவேயில்லை.

இது ஒரு குறையா என்று கேட்பார் உளர். அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லற்பட்ட சமூகத்தின் துயரை எழுதுவதை விட்டுப் பந்தாட்டம் பார்த்தவனையா எழுதுவது என்பர். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் நம் சீர்திருத்த நண்பர்களே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலாளியைத் துன்பப்படுகிறவனாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அவன் சிரித்தால் நமக்கு ஐயம் பிறக்கிறது. சிரிப்பது கள்ளினாலா அறியாமையினாலா என்று ஆராய்கிறோம். அவனுக்கும் ஓர் அபிமானம் உண்டு, அதற்கென்று நேரமும் நாவன்மையும் நியாயமும் அவன் தேடி வைத்திருந்தான் என்பது நம் பேனாக்களுக்கு எட்டவில்லை.

நான் வளர்ந்தது குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில். அங்கே திடல் என்பது லயத்திற்கும் ஸ்டோருக்கும் நடுவே கிடந்த ஒரு மேட்டு நிலம். ஒரு பக்கம் சரிவு. மழைநாளில் பந்து தானாகவே உருண்டு கால்வாயில் விழும். கோல் கம்பங்கள் காட்டுமரம். வலை கிடையாது. வலை இல்லாமையால் பந்து கம்பத்துக்கு உள்ளே போயிற்றா வெளியே போயிற்றா என்ற வழக்கு ஒவ்வொரு வாரமும் எழும். அவ்வழக்கிற்குச் சாட்சி சொல்லும் உரிமை, கம்பத்தின் பின்னே பந்து பொறுக்க நின்ற சிறுவர்களுக்கே இருந்தது. பெரியவர்களின் உலகிலே சிறுவன் சொல் அம்பலமேறிய இடம் அது ஒன்றுதான். நானும் அவ்விடத்தில் நின்றிருக்கிறேன். இருமுறை பொய்ச்சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

பார்வையாளர் நின்ற ஒழுங்கைக் கவனித்தால் தோட்டத்தின் படமே கிடைத்துவிடும். கிராணி ஐயா நாற்காலி கொண்டுவரச் சொல்வார். கங்காணிமார் மரத்தடியில். மற்றவர் புல்லின்மேல். பெண்கள் வரமாட்டார்கள், ஆனால் அந்த வேளையில்தான் லயத்து வாசல்கள் எல்லாம் பெருக்கப்படும். ஒரே வாசலை அரைமணி நேரம் பெருக்கிய அத்தைமார்கள் உண்டு. மறுநாள் குழாயடியில் யார் பந்தைத் தவறவிட்டான் என்பதை ஆண்களைக் காட்டிலும் அவர்களே திருத்தமாகச் சொல்வார்கள். இந்த ஒழுங்கெல்லாம் ஆட்டம் முற்ற முற்றக் கலையும். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று ஆண்டுதோறும் பூசல் நடந்த அதே தோட்டத்தில், கோல் விழுந்த நொடியில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இதைக் கொண்டு திடலே சாதியை ஒழித்துவிட்டது என்று நான் புளுகமாட்டேன். மறுநாள் காலை பழைய கணக்கு மீண்டும் தொடங்கிவிடும். ஆனால் கணக்கு ஒருமுறை மறந்துபோகக் கூடியதே என்று அங்கே கண்டவன், பிறகு அதை வேதவாக்கென்று முழுமனத்தோடு நம்பியிருக்க முடியாது.

அயல் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் அது தனிக் கதை. ஞாயிற்றுக்கிழமை லாரி வரும். ஆட்டக்காரர் பதினொருவர், ஏறுவோர் நாற்பதின்மர். ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ, பெக்கோக் என்று இரயில் பாதையை ஒட்டிய ஊர்களெல்லாம் எங்களுக்கு முதலில் தெரிய வந்தது பூகோளப் புத்தகத்தால் அன்று. எங்கெங்கே தோற்றோம் என்ற கணக்கால். வெற்றி பெற்றுத் திரும்பும் லாரியின் பாட்டு இரண்டு மைலுக்கு முன்பே கேட்கும். பாட்டுக் கேளாத லாரியை எதிர்நோக்கிப் பெண்கள் வெந்நீர் போட்டு வைப்பார்கள்; ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த மௌனத்தில் இருந்த பரிவை எழுதுவதற்கு ஒரு சிறுகதை ஆசிரியர் நமக்கு வாய்த்திருக்கலாகாதா?

பிற நாட்டார் இதை எழுதியிருக்கின்றனர். ஆங்கில நாவலாசிரியர் பிரீஸ்ட்லி 1929இல் வெளியிட்ட ‘தி குட் கம்பேனியன்ஸ்’ என்ற பெருநாவல், ஆலைத்தொழில் நகரம் ஒன்றில் காற்பந்தாட்டம் முடிந்து தெருவெல்லாம் நிறைந்து வரும் தொப்பியணிந்த கூட்டத்தோடு தொடங்குகிறது. அரசகுமாரியோடு தொடங்கவில்லை, அரண்மனையோடு தொடங்கவில்லை. உருகுவே நாட்டு எட்வர்டோ கலியானோ 1995இல் காற்பந்தாட்டத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அவர் உலகம் அறிந்த அரசியல் எழுத்தாளர். ஏழைகளைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் முரண் உண்டென்று அவர் எண்ணவில்லை. நிக் ஹார்ன்பி 1992இல் எழுதிய ‘ஃபீவர் பிட்ச்’ முழுவதும் ஒரு பார்வையாளனின் சுயசரிதையே. மறுதரப்பும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல், மாஸ்கோ டைனமோ அணி பிரிட்டனில் ஆடிச் சென்றதை அடுத்து 1945இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய ஆட்டங்கள் நாடுகளுக்கிடையே பகையையே வளர்க்கின்றன என்று சாடினார். பல்லாயிரவர் கூடிக் கொடி பிடிக்கும் ஆட்டத்துக்கு அக்கூற்று பொருந்தலாம். இருநூறு பேர் கூடும் ஆட்டத்தில், எதிரணியின் கோல்காப்பாளன் போன மாதம் உன் மைத்துனன் திருமணத்தில் பந்தி பரிமாறியவன். அவனைப் பகைத்துக் கத்துவதற்கு ஓர் அளவுண்டு. ஆர்வெல் இத்திடலைக் கண்டாரல்லர்.

நிற்க. ஜொகூரின் இன்றைய நிலைக்கு வருவோம். இந்நாட்டில் 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணம் பின்னர் மலேசியக் கிண்ணமாயிற்று. அதனை ஜொகூர் 1985இலும் 1991இலும் வென்றது. அதன்பின் மாநிலத்தின் ஆட்டம் பல கிளைகளாய்ப் பிரிந்து நடந்தது. மாநிலச் சங்கத்தின் அணி ஒன்று, ஜொகூர் எஃப்.சி. ஒன்று, ஜொகூர் பாரு மாநகர மன்றத்தின் அணி ஒன்று, மூவார் நகராண்மைக் கழகத்தின் அணி ஒன்று என்று இருந்தன. 2013ஆம் ஆண்டையொட்டி இவை ஒரே நிர்வாகத்தின்கீழ்த் திரட்டப்பட்டு, ஜொகூர் டாருல் தாக்சிம் என்ற பெருஞ்சங்கம் எழுந்தது. அதன் வெற்றிகளைக் குறைத்துப் பேசுவது அழுக்காறாகும். 2014 முதல் 2024–25 வரை 11 பருவங்கள் தொடர்ந்து நாட்டின் முதற்பிரிவு அதனுடையதே. 2015இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவில் அதற்கு முன் எந்தச் சங்கமும் அதைத் தொட்டதில்லை. 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் ஏறத்தாழ 40,000 பேர் அமரும் அரங்கம் எழுந்தது. இந்த அணிக்குச் சில ஆண்டுகள் வலப்புறம் ஓடியவர் குணாளன். அவர் பந்தோடு போகும்போது தமிழர் வீடுகளில் எழுந்த சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன், எழுப்பியும் இருக்கிறேன்.

ஆனால் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூவார் அணிக்காக இரண்டாம் பிரிவு ஆட்டங்களில் நின்றவன் என்ன ஆனான்? பெரிய சங்கம் வந்தது, அவனும் அதில் சேர்ந்துகொண்டான் என்று சொல்லிவிடுவது எளிது. சேர்ந்தான்தான். ஆயினும் முன்பு அவன் ஆயிரத்தில் ஒருவன். அவன் வராத நாள் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும். இப்பொழுது அவன் முப்பதாயிரத்தில் ஒருவன். முன்பு அவன் கத்தினால் பின்காப்பாளன் திரும்பிப் பார்ப்பான். சிலவேளை பதிலும் சொல்வான். இப்பொழுது முழக்கத்தை வேறொருவன் தொடங்கிவைக்க, இவன் வழிமொழிகிறான். இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. இலாபத்தைப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. நட்டத்தை எழுதுவது இலக்கியத்தின் வேலை, அது செய்யப்படவில்லை.

இதனினும் வியப்பான ஒரு பார்வையாளன் இருந்தான். பாசிர் கூடாங் அரங்கில் அப்பெருஞ்சங்கத்தின் இரண்டாம் அணியைப் பார்க்கப் போனவன் அவன். அந்த அணி பிரீமியர் லீக் என்ற இரண்டாம் பிரிவில் ஆடியது. முதலணி மேற்பிரிவில் இருக்கும்வரை இரண்டாம் அணி எத்தனை ஆட்டம் வென்றாலும் மேலே ஏற விதியில்லை. ஏற வழியில்லாத அணிக்கு ஒருவன் ஏன் கைதட்டுகிறான்? உயர்வு வரும் என்ற ஆசையே அபிமானத்தின் வேர் என்று நினைப்பவர்க்கு இது விளங்காது. அவன் பார்க்கப் போனது பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சென்ற மாதம் செய்த பிழையை இந்த மாதம் செய்யாமல் இருக்கிறானா என்பதை. தோட்டத்துத் திடலில் எங்கள் அப்பன்மார் பார்த்ததும் இதுவேயன்றோ? எங்கள் தோட்டத்து அணிக்கு எந்தப் பிரிவும் இல்லை; ஏறவும் இடமில்லை, இறங்கவும் இடமில்லை. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு பிரீமியர் லீக்கும் நிறுத்தப்பட்டது. இரண்டாம் அணிகள் தமக்குள் ஆடும் போட்டிக்கு மாற்றப்பட்டன.

நம்மவர் பெயரைத் தாங்கிய சங்கத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கில் முதலிடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப்பெயரோடு முதற்பிரிவில் ஆடியது. 2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்தே விலகியது. அது பெருங்கூட்டம் கண்ட சங்கமன்று. ‘தேசிய அணியில் நம் பிள்ளைகள் இல்லையே’ என்று தேநீர்க்கடையில் அங்கலாய்த்தவர்களில் எத்தனை பேர் அதற்கொரு நுழைவுச்சீட்டு வாங்கினர்? ஆறுமுகம் கோல் காத்த காலத்தையும், ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணம் வென்றதையும் பேசுவதில் நாம் வல்லவர். பழம்பெருமை பேசுவதற்கு மழையில் நிற்க வேண்டியதில்லை. இனத்தின் பெயரால் சங்கம் வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. எங்கள் தோட்டத்து அணிக்குத் தோட்டத்தின் பெயரே இருந்தது. லாரி ஓட்டிய மலாய்க்காரரின் மகன்தான் எங்கள் இடக்கோடி ஆட்டக்காரன். அவன் தமிழில்தான் திட்டு வாங்கினான், தமிழில்தான் திருப்பித் திட்டினான்.

திட்டைப் பற்றிச் சொன்னேன். பார்வையாளனை எழுதுக என்று நான் சொல்வது அவனுக்குப் பூமாலை சூட்டுக என்பதன்று. கோபம் வந்தால் சாதிப்பெயரை இழுத்தான். நடுவரின் தாயை இழுத்தான். பந்தயம் கட்டி வாரக்கூலியைத் தொலைத்தான். வீட்டில் அதற்கு அடிபட்டவள் வேறொருத்தி. 1994–95இல் ஆட்டத்தை விலைக்கு விற்ற ஆட்டக்காரர் பலர் இந்நாட்டில் தண்டிக்கப்பட்டபோது ‘மோசம் போனோமே’ என்று கதறியவர்களில், தாமே சூதாடியவர்களும் இருந்தனர். இவற்றை மறைத்து எழுதினால் அது விளம்பரம். கள்ளுக்கடையை மட்டும் எழுதியது எவ்வாறு பாதிப்படமோ, அவ்வாறே இதுவும் பாதிப்படமாய்விடும். ஒரே மனிதன் கோல் விழுந்தபோது கீழ்வரிசைக்காரனைக் கட்டிப்பிடித்ததையும், பந்து தவறியபோது அவனையே சாதி சொல்லி ஏசியதையும் ஒரே கதையில் வைக்கும் துணிவுள்ள எழுத்தாளரையே நான் தேடுகிறேன். தங்காக்கிலிருந்து மா. இராமையா 1978இல் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை நூலாக்கித் தந்தார். இத்தனை தோட்டங்கள் நிறைந்த ஜொகூர் மண்ணிலிருந்தே அவ்வரலாறு வந்தது என்பதால், இக்குறையை இம்மண்ணுக்காரன் சொல்வது தகும் என்று நினைக்கிறேன்.

காலமும் அதிகமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டுமனைகள் ஆயின. மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் அடுக்குமாடிகளுக்கும் போயினர். லயம் இடிந்தபோது கோயிலுக்காவது மாற்றுநிலம் கேட்டு மனுக் கொடுத்தோம். திடலுக்கு எவரும் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. நகரத்துப் பிள்ளைகள் இப்பொழுது மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, நான்குபுறமும் வலையடைத்த கூடத்தில் ஐவர் ஐவராக ஃபுட்சால் ஆடுகின்றனர். நன்றாகவே ஆடுகின்றனர். ஆனால் அந்தக் கூடத்தில் கோட்டுக்கு வெளியே என்றோர் இடமே இல்லை. நிற்க வந்தவன் அடுத்த மணிக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரனாகத்தான் இருக்க முடியும். கிழவருக்கும் வாசல் பெருக்குபவளுக்கும் பந்து பொறுக்கும் சிறுவனுக்கும் அங்கே வேலையில்லை.

சென்ற ஆண்டு ஒரு காரியமாக நான் வளர்ந்த பக்கம் போயிருந்தேன். லயம் இல்லை. திடலில் பாதி, செம்பனைக் கன்றுகள். மீதிப் பாதியில் வெளிநாட்டுத் தொழிலாளர் சிலர் பனிரண்டு பேராகக் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். வங்காளமோ நேபாளியோ, எனக்கு விளங்காத மொழி. சரிவு அப்படியே இருந்தது. கால்வாய்ப் பக்கம் கைத்தடியோடு ஒரு தமிழ்க் கிழவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பின்னும் மகன் வீட்டுக்குப் போக மறுத்து, ஸ்டோருக்குப் பின்னே குடிசையில் இருப்பவர் என்று பிறகு அறிந்தேன். பந்து சரிவில் உருளத் தொடங்கியதும் அவர் கைத்தடியை உயர்த்தி, “இடப்பக்கம் போடுடா தம்பி, இடப்பக்கம்!” என்று கத்தினார். அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். பிறகு இடப்பக்கமே போட்டான்.