ரப்பருக்குள் ஒரு மனிதர்

காட்ஸில்லா கால் வைத்தால் தரை அதிர்வதாக நம்புகிறோமே, அந்த அதிர்வு ஹருவோ நகஜிமா என்ற நடிகரின் உழைப்பு. 1954-ல் ஜப்பானின் டோஹோ ஸ்டுடியோவில் அவர் அணிந்து நடிக்கச் செய்த முதல் காட்ஸில்லா உடை ஏறத்தாழ 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு. பிறகு அதை இரண்டாக வெட்டி, கால்களைத் தனியாகப் படம்பிடித்தார்கள். திரையில் அசைவு மெதுவாகி ராட்சத கனம் தெரிய, கேமராவை வேகமாக ஓட்ட வேண்டும்; அப்படி ஓட்டினால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அத்தனை விளக்குச் சூடும் உள்ளே இருந்தவர் உடம்பில்தான் இறங்கியது. உடைக்குள் தேங்கிய வியர்வையை வடித்துக் கொட்டினார்களாம்!

எனக்குப் பிடித்தது வேறொன்று. நடை பிடிபடுவதற்காக மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் அடியெடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம் மனிதர். இன்று கணினி வரையும் காட்ஸில்லாவிலும் என் கண் முதலில் பாதத்தைத்தான் தேடுகிறது.