பேசும் படத்தில் பேசாத பெண்

2024 ஆகஸ்டு 23 அன்று தமிழ்நாட்டுக் கொட்டகைகளுக்கு இரண்டு படங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் ‘வாழை’, மற்றொன்று பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. முன்னதைக் கண்டு நாடு கண்ணீர் வடித்தது. பின்னதைப் பார்த்தவர் குறைவு, பார்த்த சிலரிலும் பலர், “இவ்வளவுதானா படம்?” என்று கேட்டபடி எழுந்து போயினர். அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். நம் இளைஞர் பலர் முன்னதைப் போற்றுகின்றனர், பின்னதில் “கருத்தே இல்லை” என்று தள்ளுகின்றனர். தள்ளலாமா என்பதுதான் நமது கேள்வி.

‘வாழை’யைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நாடறிந்த படம். பள்ளி விடுமுறையில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனைந்தான், கடனில் மூழ்கிய தாய், ஒரு ரூபாய் கூலி உயர்வுக்காகக் குரல் கொடுக்கும் கனி. கேட்டதைக் கொடுக்கும் வணிகர், கொடுத்ததை வேறு வழியில் மீட்கிறார். ஆட்களுக்குத் தனி வண்டி எதற்கு? தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏறிப் போகட்டும்! லாரி கவிழ்கிறது, பிணங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ‘விதி’ என்று விம்முகிறான் பாமரன். விதியன்று தோழர்களே, அது கணக்கு! வண்டி வாடகையை மிச்சம் பிடித்த கணக்கு. அந்தக் கணக்கைப் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் இறுதிப் பகுதியில் இசையும் ஓலமும் பெருகி, கணக்கைக் கண்ணீரில் கரைத்துவிடுகின்றன. பசியோடு ஓடிவந்த சிறுவன் இழவு வீட்டில் சோற்றுப் பானையைத் தேடும் காட்சி ஒன்றே போதும். அதற்கு மேல் அழவைக்க முயன்றது மிகை என்போம்.

‘கொட்டுக்காளி’யின் கதை இரண்டு வரியில் அடங்கும். மதுரை வட்டாரத்துச் சிற்றூர். படித்த பெண் மீனா, தாழ்ந்த சாதி என்று அவள் வீட்டார் எண்ணும் ஒருவனை விரும்புகிறாள். முறைமாமன் பாண்டிக்கு அவளைக் கட்டிவைக்க வேண்டும்; அவள் இசையவில்லை. இசையாத பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது குடும்பத்தின் தீர்ப்பு! பேயோட்ட அவளை ஆட்டோவில் ஏற்றி, ஒரு சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். அந்தப் பயணம்தான் படம். பின்னணி இசை இல்லை. வண்டிச் சத்தமும் காற்றும் மனிதர் பேச்சும்தான். அன்னா பென் ஏற்ற மீனா, படம் முழுவதிலும் வாய் திறப்பது அரிதினும் அரிது.

அவளோடு வண்டியில் ஒரு சேவலும் போகிறது, பலிக்கு. பலியாகப் போகும் சேவலையும், ‘குணமாக’ப் போகும் பெண்ணையும் அருகருகே வைத்த இயக்குநர், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததால் பார்ப்பவன் நெஞ்சே சொல்லுகிறது. இடையில் ஒரு காளை வழியை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் செய்வதறியாது நிற்க, ஒரு சிறுமி வந்து அதை அழைத்துப் போகிறாள். மற்றோரிடத்தில் ஒலிபெருக்கிப் பாட்டொன்றை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான்! பாண்டி பாய்கிறான், அவளை அடிக்கிறான், தடுக்க வந்த வீட்டுப் பெண்களையும் அடிக்கிறான். ஒரு பெண் பாட்டை முணுமுணுத்தால் சாய்ந்துவிடும் கௌரவம், எத்தனை வலுவற்ற கௌரவம் பாருங்கள்!

பாண்டியாக நடித்த சூரியை நகைச்சுவை நடிகராக அறிந்தவர்கள் இங்கே அவரைக் காணவேண்டும். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. குரலே இல்லாத ஆண் ஓயாது கத்துகிறான்; குரல் இருக்கும் பெண் பேச மறுக்கிறாள். இது ‘கருத்து’ இல்லையெனில் வேறெது கருத்து?

நம் தோழர்களின் குறை நமக்குப் புரிகிறது. நாம் வசனத்தால் வளர்ந்தவர்கள். 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்தது. ஆனந்தன் காளி கோயிலில் நின்று, கேட்டும் கேளாத அந்தச் சிலையைக் கேள்வி கேட்டான். 1952-இல் கலைஞரின் வசனத்தில் ‘பராசக்தி’ வந்தது. குணசேகரன் நீதிமன்றக் கூண்டில் நின்று சமுதாயத்தையே கூண்டில் ஏற்றினான். 1954-இல் ‘ரத்தக்கண்ணீர்’ வந்தது, எம். ஆர். ராதா எள்ளலாலே வைதிகத்தின் தோலை உரித்தார். அந்த நெருப்பில் குளிர் காய்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், மீனாவும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, அடுக்குமொழியில் ஐந்து நிமிடம் முழங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். வசனம் பேச ஒரு மன்றம் வேண்டும். குணசேகரனுக்கு நீதிபதி இருந்தார், கேட்டுக்கொண்டிருக்கக் கூட்டம் இருந்தது. மீனாவுக்கு யார் இருக்கிறார்கள்? பெற்றவரும் உற்றவரும் ஒரே வண்டியில், ஒரே முடிவோடு. அவள் ‘ஆம்’ என்றாலும் பேய் பேசுகிறது என்பார்கள், ‘இல்லை’ என்றாலும் பேய்தான் பேசுகிறது என்பார்கள். பேச்செல்லாம் பேயின் கணக்கில் எழுதப்படும் இடத்தில், வாயை மூடிக்கொள்வது ஒன்றே அவளுக்கென மிஞ்சிய மறுப்பு. கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. பேர் வைத்தவர் பொருளறிந்துதான் வைத்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பழைய படங்களில் முழங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கல்யாணியும் கூண்டில் நின்றாள். ஆயினும் நாம் மனப்பாடமாய் ஒப்பிப்பது அவள் அண்ணன் பேசியதைத்தான்.

இப்படியெல்லாம் இன்றும் நடக்குமா என்று நகரத்து நண்பர்கள் கேட்கக்கூடும். புரோகிதர் இன்றி, மணமக்களின் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்ட சுயமரியாதைத் திருமணத்தை, 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்டமாக்கியது. ஒப்புதல்! அந்த ஒரு சொல்லைத்தான் மீனாவின் வீட்டார் பேய் என்கிறார்கள். மந்திரவாதக் கொடுமைகளைத் தடுக்க மராட்டியம் 2013-இல் சட்டம் செய்தது, பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் தம் உயிரைக் கொடுத்த பின். கர்நாடகம் 2017-இல் செய்தது. பெரியார் மண் என்று மார்தட்டும் நாம் அவர்களுக்கு முன்னே நின்றிருக்க வேண்டாமா?

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. மீனா விரும்பிய அந்த இளைஞன் திரைக்கு வருவதே இல்லை. இவளுக்கு ஆனபின் அவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு போகிற போக்கில் வருகிறது. இந்நாட்டில் அத்தகைய பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நாளேடு படிப்பவர் அறிவர். அவனுக்கு ஒரு முகமேனும் தந்திருக்கலாம். மாரி செல்வராஜ் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் 2018-இலேயே அந்த முகத்தைக் காட்டினார். மேலும், நடந்துகொண்டே இருக்கும் முதுகுகளைக் கேமரா பின்தொடரும் நீளம் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது; பெர்லின் விழாவில் பாராட்டியிருக்கலாம், உழைத்துக் களைத்து இரவுக் காட்சிக்கு வருபவன் என் செய்வான்?

முடிவுக் காட்சிக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்லோம். சாமியாரின் இடத்தில், முன்னே வந்த ஒரு பெண்ணுக்குப் ‘பேயோட்டுதல்’ நடக்கிறது. பரிகாரம் என்ற பெயரில் அவன் கை எங்கெல்லாம் போகிறது என்பதைப் பாண்டி பார்க்கிறான். வரிசையில் அடுத்து நிற்பவள் மீனா. பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பதைச் சொல்லாமலே படம் முடிகிறது. வழியெல்லாம் அடித்தவனுக்கு, அந்தக் கையைக் கண்டதும் உறுத்துகிறது. உறுத்துவது அவள் மீது கொண்ட அன்பா, தன் உடைமையை வேறொருவன் தொடுகிறானே என்ற எரிச்சலா? இரண்டாவதே என்பது நம் எண்ணம். மாறுபடுவோர் இருக்கலாம்.

படிப்பகங்களில் திரையிடும் தோழர்கள் இரண்டு படங்களையும் ஒரே நாளில் காட்டலாம்; ‘வாழை’ முதலில், ‘கொட்டுக்காளி’ பின்னர். முடிந்ததும் விளக்கைப் போட்டு, சொற்பொழிவாளரை மேடையேற்றாமல், வந்திருக்கும் பெண்களை முதலில் பேசவிடுங்கள்.