தலைநகரும் உலக நகரும்: கொழும்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

சிறிய நாடொன்றின் தலைநகர் உலக நகராகக் கொள்ளத்தக்கதா என்னும் வினா நகரியல் ஆய்வுகளிலே பெரிதும் விவாதிக்கப்பட்டு வருவதாகும். இலங்கையைப் பொறுத்தவரையில் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டமை, 2014இல் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகர் தொடங்கப்பட்டமை, 2021இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டமை ஆகிய யாவும் கொழும்பை உலக நகராக்கும் நோக்கின் வெளிப்பாடுகளே. நாட்டின் வளமும் கவனமும் இக்கருத்தின் பெயரால் ஓரிடத்தே குவிக்கப்படுமாயின், திருக்கோவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர மக்களுக்கும் இவ்வினாவிற் பங்குண்டு.

‘உலக நகர்’ என்னும் தொடரை நகரியலில் 1915ஆம் ஆண்டளவிலேயே கையாண்டவர் பற்றிக் கெடிஸ். அவரே 1921இல் கொழும்பு நகர்த் திட்டம் பற்றி அறிக்கையொன்றும் எழுதினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பின்னர் பீற்றர் ஹோல் (1966), ஜோன் பிரீட்மன் (1986), சஸ்கியா சாசன் (1991) ஆகியோர் இக்கருத்தை வளர்த்தனர். இவர்களுட் சாசன் வரைந்த இலக்கணம் கூர்மையானது. உலகளாவிய உற்பத்தியையும் மூலதனத்தையும் கட்டுப்படுத்தும் முடிவுகள் எங்கு எடுக்கப்படுகின்றனவோ, அதற்கு வேண்டிய நிதி, சட்டம், கணக்கியல் முதலிய சேவைகள் எங்கு திரண்டுள்ளனவோ அதுவே உலக நகர் என்பது அவர் கருத்து. நியூயோர்க், லண்டன், ரோக்கியோ என்பன அவர் காட்டிய சான்றுகள்.

இவ்விலக்கணத்தின்படி நோக்குமிடத்துத் தலைநகராதல் ஒரு தகுதியன்று என்பது புலனாகும். நியூயோர்க் தலைநகரன்று. 1982இல் நாடாளுமன்றம் குடிபெயர்ந்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையோ தலைநகராயிருந்தும் உலக நகரெனப்படுவதில்லை. மக்கட்டொகையும் தீர்க்கமான அளவுகோலன்று. ஜெனீவா சிறு நகரே. ஆகவே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களையே கொண்டிருந்த கொழும்பு மாநகரைச் சிறியதென ஒதுக்கிவிடல் பொருந்தாது. எனினும், உலகப் பொருளாதாரத்தை ஆளும் முடிவுகள் கொழும்பில் எடுக்கப்படுவதில்லை; பிறவிடத்தில் எடுக்கப்பட்டவை அங்கு வந்து சேர்கின்றன.

துறைமுகத்தைக் காட்டி இதனை மறுப்போர் உளர். ஆண்டொன்றுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளும் துறைமுகம் சிறியதன்று. ஆயின் அவற்றுட் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறிப் பிறநாடு செல்பவை. இவ்விடத்துப் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தை ஒப்புநோக்கலாம். ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளையும் உள்ளடக்கிய நீண்ட பண்டப் பட்டியலைத் தரும் அந்நூல், நீரின்வழி வந்தவை நிலத்துக்கும் நிலத்தின்வழி வந்தவை நீருக்கும் மாறியதையும், அவற்றிற் புலிப்பொறி இடப்பட்டதையும் கூறுகின்றது. ஆங்கே துறை, தன் உள்நாட்டையும் கடலையும் பிணைத்து நிற்கின்றது. புலவன் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் நகரின் பெருமையை அதன் உள்நாட்டுத் தொடர்பாலும் அளந்த நோக்கு கருதற்பாலது.

சாசனின் நெறியை மறுத்த ஜெனிபர் றொபின்சன், உலகின் பெரும்பாலான நகரங்கள் இத்தகைய வரைபடங்களிலிருந்து மறைந்துவிடுகின்றன என 2002இல் எடுத்துக்காட்டினார். அவர் வாதம் வலுவுடையது. எனினும் அவர் நகரங்களுக்காகப் பேசியதை நாம் ஊர்களுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டியுள்ளது. அம்பாறைக் கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பலர் தசாப்தங்களாக மத்திய கிழக்கிலே தொழில் புரிந்து வருகின்றனர். 2020இல் நாடு முழுவதற்கும் 700 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம், 2022இல் 400 கோடிக்கும் குறைந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்துவதாக அறிவித்தது. அந்நெருக்கடிக்குக் காரணங்கள் பலவாயினும், பணிப்பெண்ணும் கூலித் தொழிலாளியும் அனுப்பிய பணத்தின் வீழ்ச்சியும் அவற்றுள் ஒன்று. வானளாவிய கட்டடங்கள் அதனை ஈடுசெய்யவில்லை. மண்ணெண்ணெய் இன்றிக் கடற்றொழிலாளர் கரையில் நின்றதும் அவ்வாண்டிலேதான். எனவே கொழும்பின் உலகத் தொடர்பிற் பெரும்பங்கு அந்நகர் ஊர்களுக்கு வழங்கியதன்று. ஊர்கள் அந்நகருக்கு வழங்கியதே எனலாம்.

கைம்மாறாக ஊர்கள் பெற்றது யாது? கொழும்பிலிருந்து வரும் மட்டக்களப்பு நெடுஞ்சாலை பொத்துவிலைக் கடந்து திருக்கோவிற் பகுதியூடாகவே செல்கின்றது. புகையிரதப் பாதையோ மட்டக்களப்புடன் நின்றுவிட்டது. அம்பாறைக் கரைக்கு இன்றும் வரவில்லை. நகரை அதன் சுற்றுப் பிரதேசத்தினின்றும் பிரித்து ஆராய்தல் ஆகாது எனக் கெடிஸ் வற்புறுத்தியதை, அவர் திட்டமிட்ட நகரே மறந்துவிட்டது போலும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கொழும்பு உலக நகரன்று. உலகுக்கு ஒரு வாயில் நகர் என்பதே பொருத்தமான முடிபாகும். இம்முடிபு இழிவன்று. வாயிலின் சிறப்பு இல்லத்தார் அனைவர்க்கும் அது பயன்படுவதிலே தங்கியுள்ளது. மையம் என்பதற்கு நம் பிரதேச மரபே ஒரு விளக்கம் வைத்திருக்கின்றது. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் ‘தேசத்துக் கோவில்’ எனப்படுவது அதன் அளவினாலன்று. ஊர்களும் குடிகளும் அங்கே கடமையும் உரிமையும் பங்காகப் பெற்றிருப்பதனாலேயே அப்பெயர் நிலைத்தது. கடமையை வாங்கிக்கொண்டு உரிமையைப் பகிர மறுக்கும் மையம், எத்தனை பட்டியல்களில் இடம்பெறினும், தன் தேசத்துக்கே மையமாகாது. உலகத்துக்கு மையமாதல் அதற்குப் பிற்பட்ட பேச்சாகும்.