மரபு மேற்பூச்சன்று: லாகூர்ச் சிற்றோவியமும் சமகால வாழ்வும்

சமகால ஆசியக் கலைஞர்களைப் பற்றிய எழுத்துகளில் ‘மரபும் நவீனமும் இணைந்த படைப்பு’ என்னும் தொடர் பெரிதும் பயின்று வருகிறது. பாராட்டாக வழங்கும் இத்தொடர், எது எதனோடு எவ்வாறு இணைந்தது என்னும் வினாவை எழுப்புவதில்லை. பழைய அரசவை ஓவியத்தின் தலைவி கையில் கைப்பேசியை வரைந்துவிட்டாலும் அது இணைப்பே. மரபின் செய்முறைக்குள் நின்று இன்றைய வாழ்வைச் சிந்திப்பதும் இணைப்பே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது திறனாய்வின் கடமையாகும். லாகூரில் முகிழ்த்த புதிய சிற்றோவியத்தை முன்வைத்து இவ்வேறுபாட்டினை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1875-இல் பிரித்தானியர் ஆட்சியில் மேயோ கலைப்பள்ளியாகத் தோன்றி, 1958-இல் தேசியக் கலைக் கல்லூரியாக மாறிய நிறுவனமே இவ்வியக்கத்தின் களமாகும். அங்கு 1980-களில் ஓவியர் பஷீர் அகமது சிற்றோவியத்தைத் தனிப் பட்டப்பாடமாக நிலைபெறச் செய்தார். மாணவர் தரையில் அமர்ந்து பயின்றனர். தாள்களைப் பசையிட்டு ஒட்டி, மெருகேற்றி, ‘வஸ்லி’ என்னும் ஓவியத்தாளைத் தாமே செய்தனர். அணில்வால் மயிரால் தூரிகை கட்டினர். பழைய ஓவியங்களைப் படியெடுத்தனர். மொகலாய அரசவை மறைந்து நெடுங்காலம் கடந்தபின், அதன் கலை ஒரு நவீனக் கல்லூரியின் பாடத்திட்டத்திற்குள் மீண்டும் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆகவே, இங்கு மரபு என நாம் சுட்டுவதே நவீன நிறுவனமொன்றின் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது என்பது நோக்கத்தக்கது. மரபை ஒருபுறமும் நவீனத்தை மறுபுறமும் நிறுத்தும் பாகுபாடு இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

அக்கல்லூரி மாணவியாக ஷாசியா சிக்கந்தர் 1989-90-இல் தீட்டிய ‘சுருள்’ என்னும் படைப்பு, ஏறத்தாழ ஐந்தடி நீளமுடையது. லாகூரின் நவீன வீடொன்றின் அறைகள் அதில் தொடர்ந்து விரிகின்றன. வெண்ணிற ஆடையணிந்த இளம்பெண் ஒருத்தி அவ்வறைகள்தோறும் தோன்றுகிறாள். அவள் முகமோ நமக்குக் காட்டப்படவில்லை. ஒரே பரப்பில் பல காலங்களையும் பல கோணங்களையும் அடுக்கிக் காட்டுவது பழைய ஏட்டோவியங்களின் உத்தி. அவ்வுத்தியே ஒரு பெண் தன் வீட்டிலும் தங்காது நடமாடும் நிலையை உணர்த்தும் கருவியாகிறது. உத்தியை நீக்கினால் பொருளும் நீங்கிவிடும். இணைப்பின் உண்மைத்தன்மைக்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

2003-இல் உருவான ‘கார்கானா’ தொகுதி இவ்வளவுகோலுக்கு மேலும் வலுச்சேர்க்கிறது. இம்ரான் குரேஷி, ஆயிஷா காலித், நுஸ்ரா லத்தீஃப் குரேஷி முதலிய அறுவர், அக்கல்லூரியில் பயின்று வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு ஓவியங்களைத் தொடங்கி, அஞ்சல் வழியே அடுத்தவருக்கு அனுப்பினர். பெற்றவர் தம் பங்கைத் தீட்டினார், சிலவேளை முன்னவர் வரைந்ததை மறைத்தும் தீட்டினார். இவ்வாறு பன்னிரண்டு ஓவியங்கள் நிறைவுற்றன. அக்பர் காலப் பணிக்கூடத்தில் ஒருவர் கோட்டுருவம் வரைய, மற்றொருவர் வண்ணம் தீட்டிய கூட்டுழைப்பு முறையை இவர்கள் கடன்கொண்டனர். ஆயின், பழைய கூடத்தில் தலைமை ஓவியரும் புரவலரும் இருந்தனர். இங்கு இருவரும் இலர். மரபின் உழைப்பு முறையை ஏற்று அதன் அதிகாரப் படிநிலையை விலக்கிய இச்செயல், பூவேலைப்பாட்டைப் பின்பற்றுவதினும் ஆழமான மரபுத் தொடர்ச்சி எனலாம்.

இவ்வியக்கத்தின் படைப்புகள் அனைத்தும் இவ்வாறு அமைந்தன என்றற்கில்லை. பன்னாட்டுக் காட்சிக்கூடங்களில் ‘புதிய சிற்றோவியம்’ ஒரு விற்பனைப் பெயராகவும் வழங்கலாயிற்று. பொன்வண்ணக் கரையும் பக்கத்தோற்ற முகமும் கீழைத்தேயத்தின் அடையாளச் சின்னங்களாகச் சுருங்கிய படைப்புகளும் உள. 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மேல்தளத் தரையில் இம்ரான் குரேஷி தீட்டிய படைப்பு இவ்வகையில் விவாதத்திற்குரியது. தொலைவில் குருதித் தெறிப்பாகத் தோன்றும் செந்நிறம், நெருங்கி நோக்குங்கால் சிற்றோவிய இலைகளாகவும் இதழ்களாகவும் விரிகின்றது. கைக்குள் அடங்கும் ஏட்டளவு இங்கு கைவிடப்பட்டது உண்மை. எனினும், குனிந்து நுணுகிப் பார்க்கும் பழக்கத்தை அது பார்வையாளரிடம் மீண்டும் கோருகிறது. அளவு மாறியும் பார்வைமுறை மாறவில்லை என்பதனால் இதனை வெற்றியெனவே கருதலாம்.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் தொன்மையையும் விருந்தையும் ஒருங்கே வைத்து எண்ணுகிறது. பழையதைச் சார்ந்த ஆக்கமும் புதிதாகப் புனையும் ஆக்கமும் ஆங்கு பகைநிலையில் இல்லை. நம் வகுப்பறைகளிலோ, வெண்பாவில் கணினி என்னும் சொல் வந்தாலே புதுமை என்று மதிப்பெண் இடும் போக்கு காணப்படுகிறது. அவ்வெண்பாவின் யாப்பு, மாணவரின் சிந்தனைக்கு எதைச் செய்தது என்று வினவுதலே முறையாகும். லாகூர் ஓவியர்கள் இலக்கிய ஆசிரியர்க்கு விட்டுச்செல்லும் வினாவும் இதுவே.