சீகிரி ஓவியங்களின் நிகழிடம்

ஓவியக் காட்சி ஒன்றைக் காண்போர் முதலில் வினவுவது, இவர் யாவர் என்பது. அடுத்து வினவுவது, இவர் எவ்விடத்து நிற்கின்றனர் என்பது. இரண்டாம் வினாவிற்கு விடை பகர்வன பெரும்பாலும் தூணும் கூரையும் வாயிலுமேயாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றில் 1931ஆம் ஆண்டு எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களுள், ஆடல்வல்லானைக் கொண்ட காட்சி தில்லையே எனத் துணிதற்கு, ஆங்குத் தீட்டப்பட்ட அம்பலத்தின் கூரை பெருந்துணை புரிகின்றது. 12ஆம் நூற்றாண்டில் கெஞ்சிக் கதைச் சுருள்களை வரைந்த சப்பானியர், கூரையை முற்றாக நீக்கிவிட்டு, உத்தரமும் திரையும் பாயும் கொண்டே மாளிகையின் அகத்தைப் புலப்படுத்தினர். இன்றைய சப்பானியச் சித்திரக் கதைகளிலும், தாள் ஒட்டிய நகர்கதவு ஒன்றே வீட்டின் இயல்பை உணர்த்திவிடும்.

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியிலோ இத்தகைய துணை யாதும் இல்லை. காசியப்பன் (477–495) காலத்தனவாகக் கொள்ளப்படும் அம்மகளிர் உருவங்களின் பின்னே தூணில்லை, சுவரில்லை, மரந்தானும் இல்லை. இடைக்குக் கீழே மேகம் சூழ்ந்து உடலை மறைக்கின்றது, அவ்வளவே.

தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல், இவர்கள் பிதுரங்கலை விகாரைக்கு மலரேந்திச் செல்லும் அரண்மனை மகளிரும் ஏவற் பெண்டிருமே என்றார். பூத்தட்டும் அணிகலனும் அக்கருத்துக்கு ஏற்பனவே. ஆயின் நடந்து செல்வோர்க்கு அடியும் வழியும் வேண்டுமன்றோ? பாறையில் இடம் போதாமையால் உருவங்கள் குறுக்கப்பட்டன எனச் சமாதானம் கூறுதல் பொருந்தாது. அக்குன்றின் மேற்குமுகம் முழுவதுமே ஒருகாலத்தில் பெரியதோர் ஓவியக்கூடமாய் விளங்கியிருத்தல் வேண்டுமென யோன் ஸ்ரில் 1907இலேயே எழுதினார். அத்துணை அகன்ற பரப்பை உடையார்க்கு இடத்தட்டுப்பாடு ஏது?

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இவர்களை அரம்பையர் என்றார். மேகத்தைச் சான்றாகக் கொள்ளின் அதுவே நேரிய முடிபு. எனினும், கட்டடம் இன்மையால் இது வானுலகு எனச் சிலர் வாதித்தல் வழுவுடைத்து. பார்கூத்துச் சிற்பத்தில் இந்திரனின் வைசயந்த மாளிகையும் சுதன்மை என்னும் தேவசபையும் பெயர் பொறித்தே காட்டப்பட்டுள்ளன. தேவர்க்கும் தூணும் மாடமும் உண்டு. மேலும், கட்டடம் இருப்பினும் அது கதையின் நாட்டைக் காட்டாது ஓவியனின் நாட்டையே காட்டிவிடலாம். கண்டிக்கால ஓவியர் புத்தர் வரலாற்றின் அரண்மனைகளைத் தம் காலத்து மனைகளின் சாயலிலேயே தீட்டினர்.

கலாநிதி பரணவிதானவின் கருத்து இவ்விடத்துத்தான் கூர்ந்து நோக்கற்பாலது. சீகிரி குபேரனின் அளகாபுரியைப் போன்று அமைக்கப்பட்டதென்றும், கருநிற மகளிர் முகில், பொன்னிற மகளிர் மின்னல் என்றும் அவர் கொண்டார். இக்கொள்கையில் ஓவியம் வேண்டிநிற்கும் கட்டடம் ஓவியத்தினுள் இல்லை. அதற்கு மேலே குன்றின் உச்சியில் உண்மை மாளிகையாகவே நிற்கின்றது! ஏறிச் செல்வோன் முகிலைக் கடந்தே அரசனின் இருக்கையை அடைகின்றான். பெல்லின் விளக்கத்தில் இல்லாத பொருத்தம் இது. ஆயினும் நிறம்பற்றிய பகுதி வலிந்து கொண்டதே. பொன்னிற மகளிர் சிலர் துணையின்றித் தனித்தும் தோன்றுகின்றனர். அணியும் ஆடையும் அரசவையிலிருந்து பெறப்பட்டன என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஓவியன் யாரைப் பார்த்து வரைந்தான் என்பது ஒன்று, அவரை எங்கே நிறுத்தினான் என்பது வேறொன்று. பெல் முன்னதற்கு விடை கண்டு, அதனையே பின்னதற்கும் விடையாகக் கொண்டார்.

மாணவர்க்கு இவற்றுள் ஒன்றையே முடிந்த முடிபாகக் கற்பித்தல் தகாது. எஞ்சியிருப்பவை இரு குடைவுகளில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட உருவங்களே. அவற்றுட் சிலவும் 1967இல் சிதைக்கப்பட்டுப் பின்னர் செப்பனிடப்பட்டவை. அழிந்துபோன பரப்பில் ஒரு மாடமோ வாயிலோ தீட்டப்பட்டிருந்ததாயின், இதுகாறும் கூறிய யாவும் மீண்டும் ஆராயப்பட வேண்டியனவே.